கிங்ஸ்பரியில் பத்தாவது ஆள்

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் வந்து குந்தியிருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பதினாறு வயதில் எழுதிய சாதாரணதரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியவை விசாவுக்காக ஹோம் ஒபிசுக்குப் போட்ட கடிதங்களும், பால்காரனுக்கு வாசலில் விட்ட துண்டுகளும்தான். கூச்சமும் கூட. பஸ்ஸில் மணி அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று, வேறு யாராவது அடிக்கும்வரை பொறுத்திருந்து, இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கி நடந்து வந்தவன் நான். இப்படிப்பட்ட ஒருவன் இன்னொரு சனத்தின் சமயத்தைப் பற்றி எழுத வெளிக்கிடுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் கிங்ஸ்பரிப் பக்கத்தில் என்னைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்று, நான் யூத சமயத்துக்கு மாறிவிட்டேன் என்பது. மற்றது, ஐஸ்கிரீம் வண்டி ஓட்டி நொடித்துப் போனேன் என்பது. இரண்டும் ஒரே சனிக்கிழமை பின்னேரத்தில் பிறந்தவை. அதனால் நடந்ததை ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தேன். பகலில் சான்ட்விச் செய்யும் தொழிற்சாலை, அதற்கு மேல் பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்ட். ஏழு நாளும் வேலை. களைப்பு என்பது ஒரு நோய் என்று நினைத்து டொக்டரிடம் போனேன். அவர் நாக்கைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் லீவு எடுக்கச் சொன்னார். அது எப்படி எடுப்பது என்று அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

பிறகு கிங்ஸ்பரியில் ஒரு சிறிய யூதக் கோயிலில் கேர்டேக்கர் வேலை கிடைத்தது. கூட்டுவது, கதிரை அடுக்குவது, கொதிகலன் பார்ப்பது. கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீடும் தந்தார்கள். என்னை வேலைக்கு எடுத்தவர் கோயில் நிர்வாகத்தின் தலைவர். எங்கள் பக்கத்துக் கோயில் என்றால் அவரைத் தர்மகர்த்தா என்போம். நான் மனதுக்குள் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அவர்கள் எல்லோரும் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் எனக்குள் அது எங்கள் தமிழாகத்தான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"சனிக்கிழமையிலை நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை," என்றார் தர்மகர்த்தா.

"அப்ப அண்டைக்கு லீவோ, சேர்?"

"இல்லை, இல்லை. நீ கட்டாயம் இருக்க வேணும். ஆனால் ஒண்டும் செய்யக் கூடாது."

இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று என் மனுசி சொன்னாள். அவள் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். சும்மா இருக்கச் சம்பளம் தருகிறவர்களை அவள் நம்பமாட்டாள்.

முதல் கோடைச் சனிக்கிழமை நினைவிருக்கிறது. யூதர்களுக்கு வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை ஓய்வு நாள். விளக்குப் போடக்கூடாது, வாகனம் ஓட்டக்கூடாது, சுவிட்ச் தொடக்கூடாது. லண்டன் கோடையில் நட்சத்திரம் எளிதில் தெரியாது. நாள் இழுபட்டுக்கொண்டே போகும். மத்தியானத்துக்குப் பிறகு ஏழெட்டு வயதானவர்கள் சிறிய மண்டபத்தில் கூடி உட்கார்ந்தார்கள். நல்ல வெயில். மூலையில் ஒரு பெரிய மின்விசிறி சும்மா நின்றது. நான் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன்.

"இண்டைக்கு நல்ல வெக்கை," என்றார் தர்மகர்த்தா, முகட்டைப் பார்த்துக்கொண்டு.

"ஓம், சேர். வெக்கைதான்," என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர், "சரியான வெக்கை," என்றார்.

"ஓம், சேர்."

மூன்றாவது ஆள் விசிறியைப் பார்த்து, "அந்த விசிறி நல்ல வடிவான விசிறி," என்றார். நானும் அது வடிவுதான் என்று ஒத்துக்கொண்டேன். வியர்வை வழிய வழிய இரண்டு மணித்தியாலம் இருந்தோம். எவ்வளவு பொறுமையான சனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர்களில் ஒரு கிழவர் என்னைத் தேடிப் பின்வீட்டுக்கு வந்தார். அவர் ஓய்வுபெற்ற தையற்காரர். கட்டையான மனிதர், கையில் தடி, கழுத்துப்பட்டி எப்போதும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். "தம்பி," என்றார், "எங்கடை சமயத்திலை சுவிட்சைப் போடச் சொல்லி உன்னை நாங்கள் நேரடியாக் கேக்க ஏலாது. கேட்டால் நாங்களே போட்ட மாதிரி. ஆனால் நாங்கள் வெக்கையெண்டு கதைக்க, நீ உன்ரை பாட்டிலை எழும்பிப் போட்டால், அது உன்ரை விருப்பம். விளங்குதோ?"

"அப்ப நேற்று…"

"நேற்று நாங்கள் செத்துப் போனம்," என்றார்.

அன்றிலிருந்து நான் கவனமாக இருந்தேன். அளவுக்கு மிஞ்சிய கவனம். ஒருவர் வாங்கு கடினம் என்றால் மெத்தை கொண்டு வந்தேன். ஒருவர் தண்ணீர் நல்லது என்றால் ஆறு குவளை. ஒருவர் தன் மருமகள் சனியன் என்றபோது, என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டேன். "இரு தம்பி, அது சும்மா சொன்னது," என்று தையற்காரர் கையைக் காட்டினார்.

வீட்டில் இது பிரச்சினையாயிற்று. "அவையள் வாய் திறந்து கேக்காமலே எல்லாம் செய்து குடுக்கிறியள்," என்றாள் மனுசி. "குசினிப் பைப் ஒழுகுதெண்டு நான் ரெண்டு மாதமா வாய்விட்டுக் கத்துறன்."

"நீர் கத்தாமல் விட்டுப் பாருமன்."

அடுத்த நாள் அவள் சோறு போட்டுக்கொண்டே முகட்டைப் பார்த்து, "சில வீடுகளிலை தண்ணி ஒழுகுறதாம்," என்றாள். சாப்பிட்ட கையோடு எழும்பிப் பைப்பை இறுக்கிப் பூட்டிவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நேரடியாக ஒன்றும் கேட்கப்படவில்லை.

இந்தச் சனிக்கிழமைகள்தான் நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஓய்ந்திருந்த நாட்கள். ஆரம்பத்தில் கை கால் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தன. பெட்ரோல் ஸ்டேஷனில் நின்ற நினைப்பில் கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பிறகு பழகியது. யன்னல்கள் திறந்திருக்கும். வெளியே யாரோ புல் வெட்டுவார்கள். உள்ளே கிழவர்கள் கோடையில் மட்டும் படிக்கிற ஒரு சிறிய அறநூலை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசிப்பார்கள். எனக்கும் இங்கிலீஷ் போட்ட ஒரு பிரதி தந்தார்கள். நான் அரை வரி வாசித்து நித்திரையாகி, முக்கால் மணித்தியாலம் கழித்து விழித்தால், அவர்கள் அதே வரியில்தான் நிற்பார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கண்ணை மூடித் திறந்தால் அடுத்த பாடம் வந்துவிடும்.

ஒரு கோடையில் மௌனம் நல்லது என்ற கருத்தை எடுத்து மூன்று கிழமை உரக்கச் சண்டை பிடித்தார்கள். மேசையில் அடித்தார்கள். ஒருவர் மற்றவரோடு கோபித்துக்கொண்டு வெளியே போய், வெயில் கூடிவிட்டதென்று திரும்பி வந்தார். கடைசியில் தையற்காரர் என்னைக் காட்டி, "இதைப் படிச்சு விளங்கின ஆள் இஞ்சை ஒருத்தன்தான், அவனும் நித்திரை," என்றார். நான் நித்திரை இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அதைச் சொன்னால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஆகஸ்ட்.

அதற்கு முந்திய இலையுதிர் காலத்தில் தையற்காரரின் தம்பி இறந்துபோனார். அண்ணனும் தம்பியும் முப்பது வருடம் பேசவில்லை. ஒரு கலியாண வீட்டுக்கு எந்த பஸ்ஸில் போவது என்று தொடங்கிய சண்டை. எங்கள் தாலி கட்டுகிற நேரம் போல ஒன்று அவர்களுக்கும் உண்டாம், அண்ணன் சொன்ன பஸ்ஸில் போனதால் அது தவறிவிட்டது. தம்பிக்குப் பிள்ளைகள் இல்லை. இறந்தவருக்காகப் பதினொரு மாதம் நாள்தோறும் சொல்கிற காடிஷ் என்ற செபத்தைச் சொல்ல ஆளில்லை. தையற்காரர் தானே ஏற்றுக்கொண்டார்.

"உயிரோடை இருக்கேக்கை அவனுக்கு ஒரு நல்ல சொல்லுச் சொல்லேல்லை," என்றார் என்னிடம். "இப்ப ஒரு நாளைக்கு மூண்டு நேரம் சொல்லுறன். அந்தச் செபத்திலை செத்தவனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, தம்பி. முழுக்கக் கடவுளைப் பற்றித்தான். அதாலைதான் என்னாலை சொல்ல ஏலுது."

ஏன் பதினொரு மாதம், ஒரு வருடம் இல்லையா என்று கேட்டேன்.

"பன்னிரண்டு மாதம் கெட்டவங்களுக்கு. பதினொண்டோடை நிப்பாட்டினால் அவன் நல்லவன் எண்டு நாங்கள் நம்புற மாதிரி. எனக்கு இதிலை கொஞ்சம் சந்தேகம். ஆனால் சட்டம் சட்டம்தான்."

இந்தச் செபத்தைத் தனியே சொல்ல முடியாது. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பத்து யூத ஆண்கள் கூடியிருக்க வேண்டும். பனியிலும் மழையிலும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, பதினொரு மாதத்தில் ஒரு வேளைகூட அவர் தவறவிடவில்லை. அந்தச் சனிக்கிழமை பின்னேரத் தொழுகைதான் கடைசித் தடவை.

"இதைத் தவறவிட்டன் எண்டால் அவன் அங்கை இருந்து சொல்லுவான்," என்றார், "பாத்தியளோ, கடைசியிலும் பிந்திப்போட்டான் எண்டு."

ஆகஸ்டில் கிங்ஸ்பரி யூதர்கள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். காலையில் எப்படியோ பதினொரு பேர் வந்தார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு மண்டபம் வெறிச்சென்று இருந்தது. மான்செஸ்டரிலிருந்து மகளைப் பார்க்க வந்த ஒருவர், தடித்த கண்ணாடிக்காரர், முன்வந்து எண்ணினார். அவர்கள் ஆட்களை நேரடியாக எண்ணமாட்டார்கள், கண்ணூறு படும் என்று. "இல்லை ஒன்று, இல்லை இரண்டு" என்றுதான் எண்ணுவார்கள். எங்கள் ஆட்கள் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது போல. இதனால் ஆட்கள் இல்லாத நேரத்தில் யாராவது எண்ணுவதைக் கேட்டால் மனம் இன்னும் சோர்ந்துபோகும்.

"இல்லை எட்டு, இல்லை ஒன்பது," என்று வந்தவர், கடைசி வாங்கில் விரலை நீட்டி, "இல்லை பத்து!" என்றார். "தொடங்குவம்."

அவர் விரல் நீட்டியது என்னை. கோயிலுக்குள் நிற்கும்போது மரியாதைக்காக நானும் சின்னத் தொப்பி போட்டிருப்பேன். வாசல் பெட்டியில் கிடந்த நீலப் பட்டுத் தொப்பி. விளக்குப் போடாத அந்த மண்டபத்து மங்கலில், அந்தக் கண்ணாடிக்கு, நான் ஒரு யூதன்.

தையற்காரர் முன்வரிசையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தர்மகர்த்தா பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்தால் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த மனிதர் பதினொரு மாதம் நடந்து வந்து கடைசி நாளில் ஒரு சைவக்காரனை வைத்துச் செபம் சொல்வதா? எழும்பிச் சொல்லவேண்டும். ஆனால் பஸ் மணியே அடிக்காதவன் நான்.

முதலில் இருமினேன். ஒருவரும் பார்க்கவில்லை. பெரிதாக இருமினேன். பக்கத்தில் இருந்தவர் இனிப்பு ஒன்று தந்தார். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். மெல்ல எழும்பி அலுமாரியைத் திறந்து, நிலம் துடைக்கும் மொப்பை எடுத்து, கோயில் வாசற்காவலன் வேல் பிடித்த மாதிரிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிமிர்ந்து நின்றேன்.

மான்செஸ்டர்க்காரர் பாடத் தொடங்கியவர் நிறுத்தினார். "அந்த ஆள் ஏன் மொப்போடை நிக்கிறார்? உங்கடை பக்கத்து வழக்கமோ?"

தர்மகர்த்தா திரும்பினார். "ஐயோ கடவுளே, அது எங்கடை கேர்டேக்கரெல்லோ!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பயந்தது அதுதான். தையற்காரரும் பார்த்தார். வாங்கில் இருந்துவிட்டார், தடி கீழே விழுந்தது.

ஒன்பது பேர். அவர்களில் ஒருவர் ஏழு மணிக்குப் போயே ஆகவேண்டும், வீட்டில் நோயாளி மனைவி தனியே. தொலைபேசி எடுக்க முடியாது, ஓய்வு நாள். அப்போது அவர்கள் எல்லோரும் முகட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆள் கூட்டிக்கொண்டு வரச் சொல்வதில் அவர்கள் சமயத்தில் ஒரு தடையும் இல்லை. என்னை நேரடியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் என்னை நேரடியாகக் கேட்கிற சக்தியே அவர்களுக்கு இல்லாமல் போயிருந்தது.

"இந்த றோட்டிலை வேறை யூதர் ஆரும் இருந்தால் நல்லாயிருக்கும்," என்றார் தர்மகர்த்தா.

"நல்ல வெளிச்சம். நடந்து திரிய நல்ல நேரம்," என்றார் மற்றவர்.

நான் மொப்பைச் சாத்திவிட்டு வெளிக்கிட்டேன்.

றோட்டில் இறங்கிய பிறகுதான் யோசித்தேன், யூதரை எப்படிக் கண்டுபிடிப்பது? போகிறவர் வருகிறவரிடம் நீங்கள் யூதரா என்று கேட்பதற்கு நான் இரண்டு தரம் பிறந்து வரவேண்டும். ஒரு வழி தெரியும். யூத வீட்டு வாசல் நிலையில் வலப்பக்கம் விரல் நீளத்தில் ஒரு பெட்டி சரிவாக அறைந்திருக்கும். உள்ளே செபம் எழுதிய தோல் சுருள். நான் கோயில் கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது அதற்கு மேல் அடித்துவிட்டு நன்றாக ஏச்சு வாங்கியவன். எனவே வீடு வீடாக வாசல் நிலைகளைப் பார்த்துக்கொண்டு போனேன். பட்டப்பகலில் ஒரு கறுத்த மனிதன் ஒவ்வொரு வாசலாக உற்றுப் பார்த்துக்கொண்டு போவதை யன்னல் சீலைகளை விலக்கி ஐந்தாறு பேர் பார்த்தார்கள்.

இரண்டாவது தெருவில் பெட்டி கண்டேன். கிட்டப் போனால் அதற்குச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு. ஒரு செவ்வரத்தம்பூவும் செருகியிருந்தது. நான் யோசித்து முடிப்பதற்குள் கதவு திறந்தது. எங்கள் ஆட்கள்தான். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண், கையில் கரண்டி.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள்? என்ன தலையிலை?"

தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டேன். "அக்கா, இஞ்சை யூதர் ஆரும் இருக்கினமோ?"

"யூதரோ? இல்லை, நாங்கள் சைவம்."

"அப்ப இந்தப் பெட்டி?"

"அது வீட்டோடை வந்த சாமி," என்றாள். "வாங்கேக்கை இருந்தது. கழட்டினால் என்ன நடக்குமோ எண்டு பயம். வெள்ளிக்கிழமை பின்னேரம் விளக்கு வைக்கேக்கை அதுக்கும் ஒரு பொட்டு வைச்சு விடுறன். நல்ல சாமி. இவருக்கு இமிகிரேஷன் விசயமும் சரிவந்தது. ஏன், நீங்கள் மாறிட்டியளோ?"

"இல்லை அக்கா. எனக்கு ஒரு யூத ஆம்பிளை அவசரமா வேணும்."

அவள் கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, நல்ல பெண், யோசித்துச் சொன்னாள்: "இந்த ஐஸ்கிரீம் வான் கொண்டு வாற பெரிய உடம்புக்காரன், அவன் போன மாதம் இதைக் கண்டிட்டு, தன்ரை அம்மம்மா வீட்டிலையும் இப்பிடி ஒண்டு இருந்ததெண்டு சொன்னவன். தொட்டு முத்தம் குடுத்தவன். பொட்டுக் குழம்பிப் போச்சு. எனக்குச் சரியான கோவம். அவனாயிருக்குமோ?"

தூரத்தில் அந்த வானின் தகர மணிச் சங்கீதம் கேட்டது. நான் ஓடத் தொடங்கினேன்.

ஐஸ்கிரீம் வானைத் துரத்தி ஓடுகிற வளர்ந்த மனிதனைப் பார்க்க யாருக்கும் சிரிப்பு வரும். அவன் ஒரு மூலையில் நிறுத்துவான், நான் கிட்டப் போக எடுத்துவிடுவான். மூன்றாவது மூலையில் பிடித்தேன். வரிசையில் நின்றவர்கள் என் மூச்சைப் பார்த்து வழி விட்டார்கள். யன்னலில் அரைக்காற்சட்டையும் வெள்ளை மேலங்கியுமாக அந்தப் பெரிய மனிதன்.

எனக்கு நேரடியாகக் கேட்கத் தடையில்லை. ஆனால் வாய் வரவில்லை.

"அந்தக் கோயிலிலை," என்றேன், "ஒன்பது பேர் இருக்கினம்."

"ஒன்பது கோனோ?"

"இல்லை. அவைக்குப் பத்துத் தேவை."

"பத்துக் கோன். பரவாயில்லை, சொல்லும். வெறுங் கோனோ, சொக்லட் குச்சி வைச்சதோ?"

"இல்லை, சேர். உங்களோடை பத்து."

அவன் கையிலிருந்த கோனைப் பார்த்தான். என் தலைத் தொப்பியைப் பார்த்தான். முகம் மாறியது. "நான் பதின்மூண்டு வயசுக்குப் பிறகு உள்ளுக்குப் போகேல்லை," என்றான். "இண்டைக்கு ஓய்வு நாள். நான் வேலை செய்துகொண்டு நிக்கிறன். என்னைக் கணக்கிலை எடுப்பினமோ?"

"மொப்போடை நிண்ட என்னையே எடுக்கப் பாத்தவை," என்றேன். பிறகு எப்படியோ தம்பி, பதினொரு மாதம், கடைசி நாள் என்று எல்லாம் சொல்லிவிட்டேன். அந்த வருடம் முழுவதும் நான் பேசியதைவிட அது கூட.

"ஏறும்," என்றான்.

வான் கோயிலை நெருங்கியபோது அவன் பதற்றத்தில் சங்கீதத்தை நிறுத்த மறந்துவிட்டான். ஓய்வு நாளில், கோயில் வாசலில், மணியடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் வான் வந்து நின்றது. திறந்த யன்னல் வழியாக ஒன்பது பேரும் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை. நேரம் ஆறே முக்கால்.

என் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தேன். "எஞ்சினை நிப்பாட்டாதையும், எல்லாம் உருகிப்போகும். ஆரும் வந்தால் சமாளியும்," என்று சொல்லிவிட்டு, வெள்ளை மேலங்கியோடு உள்ளே போனான். "இல்லை ஒன்று, இல்லை இரண்டு" என்று மான்செஸ்டர்க்காரரின் குரல் கேட்டது. இந்தத் தடவை ஒவ்வொருவருக்கும் கிட்டப்போய் முகத்தைப் பார்த்து எண்ணினார். "இல்லை பத்து."

நான் நின்ற வான் யன்னலடியில் வரிசை வந்துவிட்டது. மூன்று தெருச் சனம். அந்த வான் ஓடிப்போனதால் ஏமாந்தவர்களும் பின்னால் நடந்து வந்திருந்தார்கள். முன்னால் நின்றது சந்தனப் பெட்டிக்கார அக்கா, கூடவே அவள் புருசன்.

"இரண்டு தாங்கோ," என்றாள்.

"நான் வியாபாரி இல்லை, அக்கா."

"பின்னை ஏன் வானுக்குள்ளை நிக்கிறியள்?"

கோனைப் பிடித்துக் கைபிடியை இழுத்தேன். ஐஸ்கிரீம் வந்தது. கைபிடியை விட்டேன். ஐஸ்கிரீம் வந்துகொண்டே இருந்தது. மேலே தள்ளினேன், இன்னும் வேகமாக வந்தது. நிரம்பிய கோனை அக்காவிடம் கொடுத்து அடுத்ததைப் பிடித்தேன். பிறகு அடுத்தது. கோன்கள் கைமாறிக் கைமாறிப் பின்னால் போயின. ஒருவரும் விலை கேட்கவில்லை, கேட்டாலும் எனக்குத் தெரியாது.

அந்த நேரம் கோயில் யன்னலுக்குள்ளிருந்து தையற்காரரின் குரல் எழும்பியது. பதினொரு மாதம் தினமும் கேட்ட வரிகள். எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் மற்றவர்கள் ஆமென் சொல்லவேண்டும் என்று தெரியும். வழக்கமாக அவர் அதை அவசரமாகச் சொல்லி முடிப்பார், கோபக்காரர் கடிதம் வாசிப்பது போல. அன்று மெதுவாகச் சொன்னார். ஒரு இடத்தில் அப்படியே நிறுத்திவிட்டார். ஐஸ்கிரீம் என் முழங்கை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. பிறகு அவர் தொடர்ந்தார். உள்ளே ஒன்பது பேர், நடுவே ஐஸ்கிரீம்காரனின் பெரிய குரல்: ஆமென்.

"ஆமென்," என்றேன் நானும்.

"பாத்தியளோ," என்றாள் அக்கா புருசனிடம். "நான் சொன்னனான். மாறித்தான் போட்டார்."

தொழுகை முடிந்து ஐஸ்கிரீம்காரன் ஓடிவந்து ஏதோ ஒரு குமிழைத் திருப்பினான், எல்லாம் நின்றது. தரையெல்லாம் வெள்ளை. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவன் கேட்கவில்லை. தொப்பியை நீட்டினான், பிறகு மனதை மாற்றித் தன் மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான். நோயாளி மனைவியுள்ளவர் ஏழு மணிக்கு முதலே வீட்டை நோக்கி விரைந்தார்.

தையற்காரர் கடைசியாக வந்து படியில் என் பக்கத்தில் இருந்தார். கழுத்துப்பட்டி வழக்கம்போலச் சரிந்திருந்தது. வீதியில் நின்ற சனம் ஐஸ்கிரீம் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நேரத்துக்கு முடிஞ்சுது," என்றார்.

"ஓம், சேர்."

"பதினொரு மாதமா ஒவ்வொரு நாளும் அவனுக்காக வந்தன். இனி நானும் அவனும் பழையபடி கதையாமல் இருக்க வேண்டியதுதான்."

நட்சத்திரம் வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. உள்ளே இருந்து ரொட்டியும் மீனும் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைத் தொழுகைக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். தையற்காரரும் வந்தார். காடிஷ் சொல்கிற இடத்தில் அவர் எழும்பவில்லை, வேறொருவர் எழும்பினார். பிறகு நான் வான் நின்ற வாசலைக் கழுவினேன். ஐஸ்கிரீம் காய்ந்து ஒட்டியிருந்ததால் மத்தியானம் வரை ஆயிற்று.